வலப்பக்கத்திலிருந்து ஏழு புத்தகங்கள்

கிளாக்கர் கச்சிமுகம்மதுவை எங்கள் ஊர் சாய்ந்தமருதில் பாதிப்பேர் படித்த மனுசன் என்றார்கள், மீதிப்பேர் மூளை பிசகியவர் என்றார்கள். நான் இரண்டு கட்சியிலும் மாறி மாறி இருந்திருக்கிறேன். ஐம்பது தாண்டிய ஒருவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொலைபேசியும் கணினியும் வைத்திருந்த என் கொமியுனிகேசன் கடைக்குள் வந்து, விண்வெளியில் கப்பல் ஓட்டுகிற பட்டாளத்தின் கதைக்குப் பத்துக்கு நாலரைப் புள்ளிக்கு மேல் போட முடியாது என்று ஆத்திரப்பட்டால் வேறென்ன நினைப்பது?

ஆனால் அந்தப் புத்தகங்கள் அவரிடம் வந்து சேர்ந்த விதம் சிரிக்கத் தக்கதல்ல.

கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய ஒரே மகள் நிஹ்லா, கடற்கரைப் பக்கம் இருந்த மாமி வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டுபோனாள். ஒன்பது வயது. மாமியின் மையித் கிடைத்தது, மாமியின் மூன்று பிள்ளைகளின் உடல்களும் கிடைத்தன. நிஹ்லா கிடைக்கவில்லை. அன்றும் மறுநாளும் குழி வெட்டி அவசரம் அவசரமாக அடக்கினோம். கச்சிமுகம்மது ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். முகம் இல்லாதவர்களின் காலைப் பார்த்தார். மகளின் வலது காலில் சைக்கிள் கம்பி கிழித்த தழும்பு இருந்தது.

அதற்குப் பிறகு அகதி முகாம். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. எங்கள் வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு அனுப்பிய புண்ணியவான்களும் உண்டு. அப்படியொரு பெட்டியின் அடியில் சணல் கயிற்றால் கட்டிய ஏழு ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. அட்டையும் முன் தாள்களும் கிழிக்கப்பட்டிருந்தன. விற்காத புத்தகத்தைக் கடைக்காரர்கள் அப்படித்தான் கழிப்பார்களாம். நீர்ப்பாசனக் கந்தோரில் இருபத்தெட்டு வருசம் குமாஸ்தாவாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர் என்பதால் புத்தகக் கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சுனாமி வீடு கிடைத்துக் குடிபோனதும் அவர் மனைவி றஹீமா அந்த ஏழையும் அலமாரித் தட்டில் அடுக்கினார். கச்சிமுகம்மது இடது ஓரத்துப் புத்தகத்தை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, வாசிக்கத் தொடங்கினார்.

அவை ஒரு விளையாட்டுக்காக எழுதப்பட்ட கதைகள் என்பது கடைசிப் பக்க விளம்பரத்திலிருந்துதான் தெரிந்தது. விரலளவு பட்டாளத்துக்கு நிறம் பூசி, மேசையில் நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி யுத்தம் செய்வார்களாம் வெளிநாட்டுப் பெரிய மனுசர். அந்த யுத்தத்துக்குள் நடக்கிற கதைகள்தான் இவை. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கிரகம், வெவ்வேறு சண்டை. எல்லாவற்றிலும் வருகிற ஒரே ஆள் கப்டன் வெஸ்றா என்ற பெண்.

என் கடைக் கணினியில் அந்த விளையாட்டுக்காரர்கள் கூடிக் கதைக்கிற இணையத்தளம் ஒன்றை நான்தான் தேடிக் கொடுத்தேன். சும்மா ஒரு பகிடிக்கு. அவர் அதை மார்க்கக் கடமைபோல எடுத்துக்கொண்டார். சீஆர் கொப்பி என்ற தடித்த நோட்டில் ஆங்கிலத்தில் விமர்சனம் எழுதிக் கொண்டுவருவார், நான் கணினியில் அடித்துத் தளத்தில் போடுவேன். மனுசன் பொல்லாத விமர்சகர். நூறு கிரகம் எரிகிறது, ஒரு பிள்ளைக்கும் பசிக்கவில்லை, எழுதியவர் யுத்தத்தைக் கண்ணால் கண்டதில்லை என்று ஒருமுறை எழுதினார். இன்னொருமுறை, இந்த யுத்தம் முடியவே முடியாது, முடிந்தால் பொம்மை விற்காது என்று எழுதினார். விளையாட்டுக்காரர்கள் அதை வாசித்துச் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். எங்கள் பக்கம் அப்போது ஆட்களைக் கடத்துவதும் சுடுவதுமாக யுத்தம் திரும்பவும் மூண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் முதல் வாசித்த புத்தகத்தின் முடிவில் வெஸ்றாவின் கப்பல் இருண்ட வெளிக்குள் போய்த் தொலைகிறது. தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. பட்டாளம் விளக்கேற்றி, அவள் இறந்தாள் என்று பதிகிறது. இரண்டாவதாக எடுத்த புத்தகத்தில் அதே வெஸ்றா கப்பல் தட்டில் நின்று கட்டளை கொடுக்கிறாள். எப்படி வந்தாள் என்று ஒரு வரி இல்லை. கச்சிமுகம்மது கடைக்கு ஓடிவந்தார்.

"தம்பி சப்ரி, அவ வந்துட்டா!"

"ஆரு கிளாக்கர்?"

"வெஸ்றா. மவுத்தெண்டு பதிஞ்சானுகளே, அவ. எங்க இரிந்தன் எண்டு ஒரு கத சொல்றாவுமில்ல, ஆரும் கேக்கிறானுமில்ல."

அந்த விமர்சனத்துக்குத்தான் முதல்முதலாகப் பத்துக்கு ஒன்பது போட்டார். திரும்பி வந்தவர்களிடம் எங்கே போனாய் என்று கேட்கக் கூடாது, இந்த எழுத்தாளருக்கு அது தெரிந்திருக்கிறது என்று எழுதினார். இருண்ட வெளி என்று புத்தகத்தில் இருந்த சொல்லை அவர் எங்கேயும் எழுதவில்லை. எல்லா இடத்திலும் கடல் என்றே எழுதினார். ஐந்தாவதாக எடுத்த புத்தகத்தில், அதுவரை வெஸ்றாவுக்கு இருந்த இரும்புக் கை இல்லாமல் போய், சதைக் கை வந்திருந்தது. போனதைவிட நல்லபடியாகத் திரும்பியிருக்கிறாள் என்று எழுதினார். அதையும் ஒரு சொல் மாற்றாமல் அடித்தேன்.

இதில் அடிபட்டது றஹீமாதான். மையித் கிடைக்காதவர்களுக்குக் காயிப் ஜனாஸா தொழுவிப்பது எங்கள் வழக்கம், உடல் முன்னால் இல்லாமல் தொழுகிற தொழுகை. ஊரில் எல்லாரும் தங்கள் ஆட்களுக்குத் தொழுவித்துவிட்டார்கள். கச்சிமுகம்மது மட்டும் நிஹ்லாவுக்கு விடவில்லை. மௌத்து என்ற சொல்லையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒருநாள் றஹீமா கடை வாசலில் வந்து நின்று அழுதார்.

"வீட்டில நாப்பது புள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் குடுக்கன் மகன். என்ட புள்ளைக்கு ஒரு தொழுக தொழுவிக்க ஏலாமக் கிடக்கு. கேட்டா அந்தப் புத்தகத்தக் காட்டுறாரு. அவ வந்தாதானே, இவ ஏன் வரமாட்டா எண்டு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ற?"

கிளாக்கரை அந்தத் தளத்தில் கொண்டுபோய் விட்டவனே நான்தானே.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடிந்தது என்று ரேடியோ சொன்னது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். கடல் வந்ததற்கும் அதற்கும் இடையில் நாலரை வருசம். அந்தக் கிழமைதான் ஆறாவது விமர்சனத்துக்குக் கீழே ஒரு மறுமொழி வந்திருந்தது. எந்த ஊரோ, மரியாதைப்பட்ட ஒரு விளையாட்டுக்காரர்.

"ஐயா, நீங்கள் இந்தத் தொடரைப் பின்னாலிருந்து வாசித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கப்பல் தொலைகிற புத்தகம்தான் ஏழாவது, அதுதான் கடைசி. வெஸ்றா திரும்பி வரவில்லை. நீங்கள் வாசித்த மற்றவை எல்லாம் அதற்கு முன்னால் நடந்தவை. முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்றால் மன்னிக்கவும்."

நான் அதை நாலு நாள் அவரிடம் காட்டவில்லை. கணினி பழுது என்று பொய் சொன்னேன். ஐந்தாம் நாள் றஹீமா தெருவில் போவதைக் கண்டேன். முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு, யாரையும் பாராமல் போனார். அன்று பின்னேரம் தாளில் அச்செடுத்துக் கச்சிமுகம்மதுவின் கையில் கொடுத்தேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எழுந்து வீட்டை நோக்கி நடந்தார். எனக்குப் பயமாக இருந்தது, கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன்.

வீட்டில் ஓதல் முடிந்து பிள்ளைகள் போயிருந்தார்கள். றஹீமா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கச்சிமுகம்மது புத்தகத் தட்டுக்கு முன்னால் நின்றார்.

"புள்ள, இதுகள எப்பிடி அடுக்கின நீங்க?"

"எதுகள?"

"இந்த ஏழையும். கட்ட அவுத்து அடுக்கினது நீங்கதானே."

"ஓம், நான்தான். கட்டுல மேல இரிந்தத வலப்பக்கம் வச்சன், பொறகு ஒவ்வொண்டா இங்கால வச்சிட்டு வந்தன். ஜுஸு அடுக்கிற மாதிரித்தான் அடுக்கின. புத்தகமெண்டா வலப்பக்கத்தாலதானே துவங்குற?" கையிலிருந்த பாயோடு றஹீமா எங்கள் இருவரையும் பார்த்தார். "ஏன், பிழையா?"

அனுப்பியவர் முதலாவது மேலே இருக்கும்படி ஒழுங்காகத்தான் கட்டி அனுப்பியிருக்கிறார். குர்ஆனின் முப்பது பாகமான ஜுஸுக்களைப் போல, அரபு எழுத்துப் போகிற வழியில், றஹீமா வலப்பக்கத்திலிருந்து அடுக்கியிருக்கிறார். கந்தோர்க் கோப்பு எடுக்கிற பழக்கத்தில் கச்சிமுகம்மது இடப்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார். அந்த வீட்டுக்குள் ஒருவரும் ஒரு பிழையும் செய்யவில்லை. இத்தனை வருசம் அவர் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கை இந்த இட வல மாற்றம்தான்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாசித்து முடித்தால் பிறகு என்ன செய்வது என்று அவர் தொடாமல் வைத்திருந்த வலது ஓரத்துப் புத்தகத்தை எடுத்தார். அதுதான் முதலாவது. முதல் பக்கத்தைத் திறந்து நின்றபடியே வாசித்தார். பிறகு விரல் வைத்து ஒரு வரியை எனக்குக் காட்டினார். வெஸ்றாவுக்கு அப்போது ஒன்பது வயது என்று இருந்தது.

புத்தகத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்தார்.

"பிழையில்ல புள்ள," என்றார். "சரியாத்தான் அடுக்கியிரிக்கயள். வாற ஜும்ஆவுக்குப் பள்ளியில சொல்லுவம்."

என்ன சொல்வது என்று றஹீமா கேட்கவில்லை. பாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் இருந்துவிட்டார். நாலரை வருசமாகக் கேட்டது கிடைத்த முகமாக அது இல்லை. அவரும் உள்ளுக்குள் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கணவர் மறுத்துக்கொண்டிருந்தவரை அவருக்கும் மனதின் ஒரு மூலையில் நம்பிக்கைக்கு இடம் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இமாம் ஒலிவாங்கியைப் பிடித்தார். கச்சிமுகம்மதுவின் மகள், கடல் அனர்த்தத்தில் மௌத்தாகிய நிஹ்லாவுக்குக் காயிப் ஜனாஸா தொழுகை நடைபெறும் என்றார். அந்தச் சொல்லும் அந்தப் பெயரும் சேர்ந்து வந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தரம். கச்சிமுகம்மது முதல் வரிசையில் என் பக்கத்தில் நின்றார். மையித்தைச் சுமந்துவரும் சந்தூக்கு வைக்கிற இடம் வெறுமையாக இருந்தது, மின்விசிறிக் காற்றில் ஒரு பாயின் நுனி மட்டும் அசைந்தது.

ஜனாஸாத் தொழுகையில் குனிவது இல்லை, நெற்றியை நிலத்தில் வைப்பது இல்லை. நின்றபடியே அல்லாஹு அக்பர் என்று நாலு தக்பீர், பிறகு முகத்தைத் திருப்பி ஸலாம். ஸலாம் கொடுத்ததும் ஆட்கள் செருப்புத் தேடப் போனார்கள். கச்சிமுகம்மது கையைக் கட்டியபடியே நின்றார்.

"முடிஞ்சா தம்பி?"

"ஓம் கிளாக்கர், முடிஞ்சி."

அவர் அந்த வெறும் இடத்தைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.