அரைப்பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் 'பேர்' என்பார்கள். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால், காலையிலிருந்து மலையில் நின்றவளுக்கும் அரைப்பேர்தான், அதாவது பாதிக் கூலி. நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயே இல்லை.

தோட்டத்து ஆபீசில் நான் கிளார்க்காகச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். தொழிலாளர்களை நியாயமாக நடத்துகிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார்கள். மலையில் அவர் கைகாட்டி அழைத்தது யாரை என்கிறீர்கள்? என் சித்தியை. ஹட்டன் டவுனில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போக எனக்குப் பஸ் காசு தந்தவள் அவள்தான்.

"வாடி எங்க வீட்டு வெள்ளைக்காரி!" என்று சிரித்தாள்.

முழு நாள் வேலைக்கு முழுக் கூலி கிடைக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார்.

"எங்கங்க! மழையில கொழுந்து கொறஞ்சா அரைப்பேருதான் போடுறாங்க. அட்டை கடிச்சதுதான் மிச்சம்" என்றாள் சித்தி. பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லுடி, நல்லா சொல்லு" என்றாள்.

எனக்குப் பின்னால் சின்னத்தொரை, அதாவது தோட்டத்து உதவி மேனேஜர், நின்றார். நான் இங்கிலீஷில் சொன்னேன்: மழை என்றால் பாதிப் பேர்தான் வேலைக்கு வருகிறார்களாம்.

பாதிக் கூலி, பாதி ஆட்களாகிவிட்டது. அந்த அம்மா தலையாட்டி எழுதிக்கொண்டார். தமிழ் தெரிந்த சின்னத்தொரை தன் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார். சீ! அந்தக் குடைக்குள் நானும் போய் நின்றேன். வேலை போய்விடுமே என்ற பயம்தான், வேறென்ன?

அன்று சாயங்காலம் சித்தி லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டாள்: "எங்க புள்ள எடுத்துச் சொல்லிருச்சு. இனிமே முழுப்பேருதான்."

அடுத்த சம்பளத்திலும் அவளுக்கு அரைப்பேர்கள் விழுந்திருந்தன. சம்பளச் சீட்டோடு ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்த வெள்ளைக்காரிக்கு நெஞ்சுல ஈரமே இல்லடி. நீ எவ்வளவு அழகா எடுத்துச் சொன்ன!"

"ஆமா சித்தி" என்றேன்.