செம்பின் நிறம்

சாம்பசிவம் பிள்ளையின் கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். மழை நின்ற வயலும் சுட்ட செங்கல்லும் அவருக்குள் வந்து ஒரே நிறமாகப் படுத்துக்கொள்ளும். அந்த நிறத்துக்குத் தமிழிலும் பெயரில்லை, மலையாளத்திலும் பெயரில்லை. இந்த விஷயம் தெரிந்தவள் அவர் மனைவி நீலாம்பாள் மட்டும். கல்யாணமான புதிதில், பச்சைக் களிம்பு படிந்த செம்பில் மோரை ஊற்றிக் குடிக்கப் போனார். களிம்பு விஷம் என்று அவள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். அன்றுமுதல், சாலை பஜாருக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டில், செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பது அவள் வேலை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த உத்தியோகம், பூமிப் படங்களுக்கு வர்ணம் பூசுவது. புத்தன்சந்தைப் பக்கம், சமஸ்தானத்துக் கனிம ஆபீஸின் மாடியில், ஜன்னலோரம் அவர் மேசை. எந்தக் கல்லுக்கு எந்த நிறம் என்று கணக்குண்டு. இரும்புக்குச் சிவப்பு, செம்புக்குப் பச்சை. வர்ணக்கட்டியின் உறையில் பெயர் அச்சாகியிருக்கும். கரைத்ததும் சிவப்புக் கிண்ணத்தை இடப்பக்கம் வைப்பார், பச்சையை வலப்பக்கம். பிறகு கை பார்த்துக்கொள்ளும், கண் வேண்டாம். ஈரத் தூரிகை தாளில் இறங்கியதும் அவர் ஜன்னலோரத்தில் இருக்கமாட்டார். தான் போயே இராத மலைகளில், ஆற்றோடு ஆறாக ஏறிக்கொண்டிருப்பார். அந்த நடை இல்லாத ஒரு பகலை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது.

அந்த வருஷம் மேசைக்கு வந்தது போனக்காட்டுக்கு மேலே இருந்த ஒரு மலை. முன்னொரு காலத்தில், தேயிலைத் தோட்டத்துக்குப் பாதை வெட்டும்போது அங்கே பாசி பிடித்த கல் ஒன்று கிடைத்தது. எவ்வளவு கழுவியும் பாசி போகவில்லை. தோட்டத்துத் துரை அதைக் காகிதம் பறக்காமல் இருக்க மேசையில் வைத்துக்கொண்டார். பிறகு, அது பாசியல்ல, செம்பு என்று ஒரு கம்பெனி வந்து குழி வெட்டியது. மழை வந்து குழியை மூடியது, கம்பெனி போய்விட்டது. இப்போது ஆபீஸின் இளம் அதிகாரி வெங்கடேஸ்வரன் ஏறிப்போய்ப் புதுக்குழிகள் போட்டுத் திரும்பியிருந்தார். மலையின் முதுகில் கறுத்த இரும்புப்பாறை அகலப் பட்டையாக ஓடுகிறது. பக்கத்தில் போனால் காந்தமுள் வடக்கை மறந்துவிடுகிறது. பட்டைக்கு நடுவே நூல்போல ஒரு வெள்ளைக்கல், அதற்குள்தான் செம்பு. அடுத்த நாள் அந்தப் படம் சமஸ்தானத்தின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரிக்குப் போயாக வேண்டும்.

சாம்பசிவம் பூசி முடித்துத் தூரிகையைக் கழுவும்போது, பியூன் சுவாமிதாஸ் எட்டிப் பார்த்தான். பாறசாலைக்காரன்.

"சாரே, மலை முழுக்கச் செம்பாக்குமோ? வீட்டுக்கு வீடு ஒரு அண்டா கிட்டும் போலிருக்கே."

"எதுடே செம்பு?"

"இந்தப் பச்சைதான். பட்டையாட்டுக் கெடக்கு. நடுவுல இரும்பு, பாவம், ஒரு செவப்பு நூலு."

சாம்பசிவம் கிண்ணங்களைத் திரும்பிப் பார்த்தார். "மேசையைத் துடைச்சியா?"

"எறும்பாக்கும் சாரே, நீங்க எந்திச்சுப் போனப்ப துடைச்சேன். கிண்ணத்தை எடுத்துத் திருப்பி வச்சேன். ஒரு சொட்டுச் சிந்தல்லை."

படியில் செருப்புச் சத்தம். வெங்கடேஸ்வரன் வந்து படத்தின் மேல் குனிந்தார்.

"பிள்ளைவாள், நான் ஏறின மலை இது இல்லையே."

"கிண்ணம் மாறிப்போச்சு சார்."

"கிண்ணம் மாறினா, கண்ணுமா மாறும்?"

சுவாமிதாஸ் முன்னால் வந்தான். "நானாக்கும் சார் மாத்தி வச்சது. தப்பு என்மேலதான்."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்; பழி அவன்மேல் போய்விடும், வர்ணங்கள் மேசையிலேயே இருக்கும். சாம்பசிவம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்தப் பெயரில்லாத நிறத்தில் ஒரு மாமரம் அசைந்துகொண்டிருந்தது.

"அவன் பேர்ல தப்பில்லை சார். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பொறந்ததுலேருந்தே."

வெங்கடேஸ்வரன் தன் அறைக்குப் போய் ஒரு கல்லோடு வந்தார். மலையிலிருந்து கொண்டுவந்தது. "இது என்ன நிறம், சொல்லும்."

கையில் வாங்கினார். இத்தனை நாள் பூசிய மலையிலிருந்து அவர் தொட்ட முதல் துண்டு. சில்லென்று, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"செம்பு நிறம் சார்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்லுல இருக்கறப்போ பச்சை, உருக்கி எடுத்தா சிவப்பு. தப்புன்னு சொல்ல வழியில்லாமப் பண்ணிட்டீரே." பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனா பிள்ளைவாள், இனிமே வர்ணம் உம்ம கையில வேண்டாம். கறுப்பு மசியில போடும். செம்புக்குப் புள்ளி, இரும்புக்குச் சாய்கோடு. சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்றார்.

கிண்ணங்களைச் சுவாமிதாஸ் எடுத்துப்போனான். சாம்பசிவம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. புதுத்தாளை விரித்துக் கோடு கோடாக, புள்ளி புள்ளியாக மலைக்குள் போனார். தூரிகைபோல வழுக்கிக்கொண்டு போக முடியவில்லை, ஒவ்வொரு அடியாக ஏற வேண்டியிருந்தது.

ஆறு மாதத்தில், செம்பு நூல் ஆழத்தில் இளைத்து அற்றுப்போனதாகச் செய்தி வந்தது. அடுத்த மழை அந்தக் குழிகளையும் மூடியது. அதெல்லாம் பிறகு.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது நீலாம்பாள் கிணற்றடியில் செம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"வர்ணம் போச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவள் புளியைக் கீழே வைத்தாள். "வேலை?"

"வேலை இருக்கு."

பக்கத்தில் குந்தி, அவள் கையிலிருந்த செம்பை வாங்கினார். கழுத்துக்குக் கீழே விரலை மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் சொரசொரத்தது.

"களிம்பு இங்கேதானே?"

"ஆமா."

"புளியைத் தா."

அவள் போதும் என்று சொல்லும்வரை தேய்த்துக்கொண்டிருந்தார்.