உருண்டை, உருளை, ஒரு செபக்கூட்டம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்துக்கு அருகே இருக்கும் நூலகத்தில் நான் மிருகங்கள் வரையப் பழகினேன். அதே நேரத்தில் நான் நகருக்கு வெளியே தூரத்தில் இருக்கும் ஸ்ரௌவ்வில்லில் யாரோ ஒருவர் வீட்டுச் செபக்கூட்டத்தில் முழங்காலில் நிற்கிறேன் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தார். நம்பவைத்தது நான்தான்.

பொய்க்கு ஒரு காரணம் இருந்தது, நல்ல காரணம் அல்ல. நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பற்றி அக்காவிடம் ஒருநாள் வாயைவிட்டேன். பெரியவர்களுக்கான இலவச வகுப்பு, பத்துக் கிழமை. அக்கா அரிசி களைந்தபடியே, "ஆனை குதிரை கீறிற வயசே உனக்கு?" என்றார். எனக்கு ஐம்பத்திநாலு வயது. சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அக்காவோடு சண்டை பிடித்து வென்றவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. அக்கா அதே கட்டடத்தில் எனக்கு இரண்டு மாடி கீழே தனியாக இருக்கிறார். அவருடைய மகன் தூரத்தில், கல்கரியில். முழங்கால் சரியில்லாததால் சனிக்கிழமைகளில் கடைக்கும் உடுப்புத் தோய்க்கவும் நான்தான் போகவேண்டும். அவர் மறுபேச்சில்லாமல் என்னை விடக்கூடிய ஒரே காரியம் செபம். ஸ்ரௌவ்வில்லைத் தெரிந்தெடுத்ததும் யோசித்துத்தான். கார் இல்லாமல் அங்கே போகமுடியாது, அக்கா பின்னால் வரமாட்டார். கூட வேலை செய்கிறவர் ஒருவர் சந்தியில் வந்து ஏற்றுவார் என்றேன். இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல எனக்கு வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

படிப்பித்தவர் ஒரு பொம்மைக் கம்பனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மயிர், கண், வால் ஒன்றையும் முதலில் பார்க்காதீர்கள் என்பதுதான் அவருடைய முதல் பாடம். மாட்டின் நெஞ்சு ஒரு பெட்டி, பின்பக்கம் ஒரு உருண்டை, கழுத்தும் கால்களும் உருளைகள், முகம் நுனி வெட்டிய கூம்பு. இவற்றை உரிய இடத்தில் வைத்து இணைத்துவிட்டால் தோலைப் போர்த்துவது சின்ன வேலை என்றார். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் வரையச் சொல்லுவார். பெட்டி கண்ணாடியால் ஆனது என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கால் எங்கே ஊன்றுகிறது என்று கோடு போடவேண்டும். பிறகு அழித்துவிடலாம்.

சின்ன வயதிலிருந்து நான் வரைந்ததெல்லாம் ஒரே மிருகம்தான். பக்கவாட்டில் நிற்கும், இடது பக்கம் பார்க்கும், நாலு காலும் ஒரே வரிசையில் நிற்கும். காதை நீட்டினால் முயல், கொம்பு வைத்தால் ஆடு. இப்போது குசினி மேசையில் மீன் அடைத்த தகர ரின்னையும் இரண்டு முட்டையையும் வைத்துக்கொண்டு பழகினேன். ரின்னைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் அதன் வாய் வெறும் கோடாகிவிடுகிறது, தாழ்த்தத் தாழ்த்த அகலுகிறது. எத்தனை ரின் திறந்திருப்பேன், இதைப் பார்த்ததே இல்லை. அணிலை வரைய இரண்டு முட்டை போதும் என்று கண்டுபிடித்தேன். எலிவேற்றரில் வருகிற நாய்களின் விலா எங்கே முடிகிறது என்று உற்றுப் பார்த்தேன். எனக்கு நாய் என்றால் உயிர் என்று நினைத்து, வைத்திருக்கிறவர்கள் சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்து வந்தால் அக்கா தேத்தண்ணியோடு காத்திருப்பார். யார் வந்தது, என்ன செபித்தது, யார் வாசித்தது என்று விசாரணை நடக்கும். நானும் ஆட்களை உண்டாக்கினேன். சுருதி சேராமல் பாடுகிற ஒருத்தி, எதற்கும் அழுகிற ஒருத்தி, வடை கொண்டுவருகிற மன்னார்ப் பெண் ஒருத்தி. என் மாடுகளைவிட அந்தப் பெண்கள் உருப்படியாக வந்தார்கள் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அக்காவுக்கு அவர்களைப் பிடித்துப்போனது. பாட்டுக்காரிக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது என்று நான் சொன்ன கிழமை, கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்.

பிறகு மன்றாட்டுகள் வரத் தொடங்கின. அவர்களிடம் கொடுக்கச் சொல்லி அக்கா சின்னத் துண்டுகளில் எழுதித் தருவார். முழங்கால் வலி குறையவேண்டும், மகனுக்கு வேலை நிரந்தரமாகவேண்டும். முதல் இரண்டு கிழமையும் நூலகத்துக்கு நடந்துபோகும்போது அவற்றை வாசித்து ஒரு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொன்னேன். பிறகு அதுவும் விட்டுப்போனது.

ஏழாவது சனிக்கிழமை தந்த கடதாசி நாலாக மடித்து, ஒட்டியிருந்தது. "நீ வாசிக்காதை. அவையளிட்டைக் குடு" என்றார். அதை வரைதல் கொப்பியின் பின்னட்டைக்குள் செருகினேன். அன்றைக்குத்தான் என் முதல் நாய் என்னைப் பார்த்துத் திரும்பியது. தலையை ஒரு உருண்டையாக வைத்து, அதில் மூக்குக் கூம்பை என் பக்கம் நீட்டி, நெஞ்சுப் பெட்டியைச் சற்றுச் சரித்தேன். தாளுக்குள்ளே இடம் உண்டாகி, அந்த இடத்தில் ஒரு நாய் நின்றது. படிப்பித்தவர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த வருடத்திலேயே நான் அதிகம் சந்தோசப்பட்ட நாள் அது. கடதாசி அந்த நாய்க்குப் பின்னால்தான் இருந்தது.

அதை எறிய மனம் வரவில்லை, பிரிக்கவும் மனம் வரவில்லை. வாசிக்காதே என்றதை வாசிக்கக்கூடாது என்று பெரிய நேர்மைக்காரிபோல நினைத்துக்கொண்டேன். கொடுத்தாயா என்று அக்கா கேட்டார். ஓம் என்றேன். அடுத்த சனிக்கிழமை, அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். செபிக்கிறார்களாம் என்றேன். அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனார். என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று மட்டும்தான் நான் பயந்தேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து, கறி கொண்டு கீழே போனேன். அக்கா படுத்திருந்தார். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டி.

"எங்க போனனீங்கள்?"

"உனக்குத் தெரியாதோ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "சரி விடு. உனக்கு வேலை இருந்திருக்கும்."

படியேறி ஓடினேன், எலிவேற்றருக்குக் காத்திருக்க முடியவில்லை. கொப்பியை உதறி, கடதாசியைப் பிரித்தேன். அக்காவின் குண்டுக் கையெழுத்து.

"அன்பின் சகோதரிகளே, எனக்கு மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் அம்மாவும் இதில்தான் போனவர். தங்கச்சிக்குச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. நீங்கள் பக்குவமாகச் சொல்லி, அன்றைக்கு அவளை என்னோடு வரச்சொல்லுங்கள். அவள் வந்தால் எனக்குப் பயமில்லை."

பத்து நாள் அக்கா காத்திருந்திருக்கிறார். சகோதரிகள் சொல்லிவிட்டார்கள், தெரிந்துகொண்டும் தங்கச்சி பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் நான் வருவேனோ என்று பார்த்திருப்பார். பிறகு அந்த முழங்காலோடு தனியாக இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார்.

முடிவு நல்லபடியாக வந்தது, கட்டியில் ஒன்றுமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அக்காவின் அதிர்ஷ்டம், எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. முடிவு வருவதற்குக் காத்திராமல், அன்றைக்கே கொப்பியோடு திரும்பக் கீழே இறங்கினேன். கட்டிலின் ஓரத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நூலகத்தைச் சொன்னேன், பொம்மைக் கம்பனிக்காரரைச் சொன்னேன், பிரிக்காத கடதாசியைச் சொன்னேன். நான் அழுதேன், அக்கா அழவில்லை. கொப்பியை வாங்கி மாடு, அணில், குதிரை என்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நாயில் கொஞ்சம் நின்றார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கியிருப்பேன்.

"அப்ப, எனக்காக அங்க ஒருத்தரும் செபிக்கேல்லையோ?"

"இல்லை அக்கா."

"அந்தப் பாட்டுக்காரி?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை அக்கா. நான் சும்மா சொன்னது."

அக்கா கொப்பியை மூடி என் மடியில் வைத்தார்.

"நீ வரேல்லை எண்டாலும், அவையள் எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கினம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில ஏறிப் படுத்தனான்" என்றார்.