வளராத பெடியன்

மாதாமாதம் நான் மருந்தெடுக்கப் போகும் முல்லைத்தீவு ஆஸ்பத்திரி கிளினிக்கில் அந்த அம்மா எப்போதும் தொலைக்காட்சிக்கு நேரே உள்ள கதிரையில்தான் இருப்பார். மெலிந்து நரைத்தவர். ஆட்கள் நடித்த பழைய சிரிப்பு நாடகமொன்றை இப்போது சிறுவர்களுக்குக் கார்ட்டூனாக்கிப் போடுகிறார்கள். அதை அவர் சிரிக்காமல் பார்ப்பார்.

“இது விருப்பமோ அம்மா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அந்த நாடகத்தைப் பார்த்து என்ர மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். அதில நடிச்ச பெடியன் இப்ப மீசையோட பெரிய ஆள். கார்ட்டூனில மட்டும் அதே எட்டு வயசு.”

“மகன் எங்க?”

“கடைசிச் சண்டையில விசுவமடுவில ஷெல் அடிக்கேக்க சனத்துக்குள்ள அவன்ர கை விட்டுப் போச்சு. அப்ப அவனுக்கும் எட்டு வயசு. இப்ப முன்னால வந்து நிண்டாலும் எனக்கு அவனை அடையாளம் தெரியாது, பிள்ளை.”

தாதி அவரின் பெயரைக் கூப்பிட்டார். அவருக்குக் கேட்கவில்லை. கார்ட்டூன் முடியும்வரை நானும் அவரைத் தட்டிச் சொல்லவில்லை.