மாமனாரின் மூன்று மணி ரம்மி

என் மாமனாரைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். செத்தவர்களைப் பற்றி எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பதிமூன்று வருஷம் அவரோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டியவள் நான். என்னைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லிவிடுவேன் என்று தெரியும், அதனால் என்னை யாரும் கேட்பதில்லை.

அவர் ஓர் உரக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் மேற்பார்வை பார்த்தவர். எந்த வரிசையில் எந்தச் சரக்கு எத்தனை மூட்டை என்பதை நோட்டைத் திறக்காமல் சொல்வாராம். மூட்டை தூக்குகிறவர்கள் அவர் இருமல் சத்தம் கேட்டாலே பீடியை அணைப்பார்களாம். ஓய்வு பெற்றதும் அந்த ஞாபகசக்திக்கும் அந்த அதட்டலுக்கும் வேலையில்லாமல் போயிற்று. ஞாபகசக்தியைச் சீட்டாட்டத்தில் செலவழித்தார், அதட்டலை என்னிடம். மாமியார் நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். புத்திசாலி.

ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்து ரம்மி ஆடுவார்கள். மாமனார், ஒரு கம்பவுண்டர், ஒரு லாரி ஆபீஸ் கிளார்க், ஒரு மீட்டர் ரீடர். தோற்றவர் அடுத்த வாரம் பிஸ்கட் வாங்கி வரவேண்டும், அவ்வளவுதான் பந்தயம். டீ கொண்டுபோவது என் வேலை. கல்யாணத்துக்கு முன் மருந்துக் கடையில் நின்றவள் நான். எந்த மாத்திரை எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். சீட்டும் அப்படித்தான் மண்டையில் ஏறியது. நாலு டம்ளரில் டீ ஊற்றி முடிப்பதற்குள் யார் எதை எடுத்தார்கள், எதைக் கழித்தார்கள் என்பது பதிந்துவிடும்.

வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாள் வாய் சும்மா இருக்கவில்லை. மாமனார் டைமண்ட் ஏழைக் கீழே போடப் போனார். அவருக்கு அடுத்து ஆட இருந்த கம்பவுண்டர் இரண்டு சுற்றுக்கு முன் டைமண்ட் எட்டை எடுத்து வைத்திருந்தார், டைமண்ட் ராணியைக் கழித்திருந்தார். "மாமா, அது வேணாம், அவருக்கு ஏழுதான் வேணும்" என்று சொல்லிவிட்டேன். ஆட்டத்தில் நிற்கிறவர்கள் பேசக்கூடாது என்பது எனக்கும் தெரியும். வந்த புதுசு, நம்மையும் ஒரு ஆளாக மதிப்பார்கள் என்ற நப்பாசை.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டீ கொண்டு வர்றவ டீயை மட்டும் பாரு. சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும்" என்றார். சொல்லிவிட்டு அதே ஏழை ஓங்கிப் போட்டார். கம்பவுண்டர் அதை எடுத்து ஷோ வைத்து ஜெயித்தார். மூன்று பேரும் சிரித்தார்கள், அவரைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் அந்த நேரம் அங்கேதான் இருந்தார், செருப்பைத் தேடிக்கொண்டு.

அடுத்த வாரத்திலிருந்து எனக்கு முன்னறைக்குள் வர அனுமதி இல்லை. பக்கவாட்டு நடை வழியாகப் போய் ஜன்னலில் தட்டை வைத்துவிட்டு வரவேண்டும். மழையானாலும் வெயிலானாலும் ஜன்னல்தான், பதினோரு வருஷம். நானும் வைத்தேன். குனியக் குனியக் குட்டத்தான் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் குனிந்தேன்.

பிறகு கம்பவுண்டர் செத்தார், கிளார்க் மகனோடு வேறு ஊர் போனார், மீட்டர் ரீடருக்குக் கண் போயிற்று. கடைசியாக மாமனாருக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தது. பேச்சு அப்படியே இருந்தது, கைதான் போனது. பதிமூன்று சீட்டை விசிறி மாதிரி பிடிக்க இரண்டு கை வேண்டும். வெறும் கையோடு கட்டிலில் உட்கார்ந்து சுவரை முறைத்தார். வீட்டில் முறைப்பதற்கு மிச்சமிருந்த இன்னொரு சுவர் நான். அந்த இம்சை தாங்காமல்தான் ஃபோனில் ரம்மி ஆடலாம் என்று சொன்னேன்.

சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். ஃபோனை ஒரு தாங்கியில் நிறுத்தி, ஒற்றை விரலால் எப்படி ஆடுவது என்று காட்டினேன். காசு வைத்து ஆடும் பக்கம் அவர் கண்ணில் படாதபடி ஒளித்துவிட்டு, சும்மா புள்ளிக்கு ஆடும் பக்கத்தில் விட்டேன். இதை அழுத்தினால் சீட்டு இன வாரியாக அடுக்கிக்கொள்ளும். இந்தச் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்று எடுக்கவேண்டும், வேண்டாததை இங்கே இழுத்துவிடவேண்டும். ஜோக்கர் இல்லாமல் ஒரு வரிசையாவது சேர்ந்திருக்கவேண்டும், இல்லாமல் ஷோ வைத்தால் எண்பது புள்ளி தண்டம். ஒவ்வொரு முறைக்கும் முப்பது விநாடிதான், யோசித்துக்கொண்டே இருந்தால் மணியடிக்கும். எல்லாவற்றுக்கும் "எனக்குத் தெரியாதா" என்றார். தோற்றால் ஃபோன் சரியில்லை, விரல் வழுக்குகிறது, கம்பெனிக்காரன் கள்ளச் சீட்டுப் போடுகிறான். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

முகம் தெரியாதவர்கள் பாதி ஆட்டத்தில் எழுந்து போவார்கள். "இவனுங்களோட எவன் ஆடுவான்" என்று கத்துவார். ஒரு நாள் வயிற்றெரிச்சலில் என் ஃபோனிலும் ஒரு கணக்குத் திறந்தேன். பெயர் கேட்டது. 'வாத்தியார்' என்று போட்டேன். தெரிந்தவர்கள் மட்டும் உட்காரும் தனி மேசை ஒன்று உண்டு, அதற்கு ஓர் எண் தருவார்கள். அந்த எண்ணை அவர் ஃபோனில் நானே அழுத்தி உட்காரவைத்தேன். சமையலறைக்கு வந்து என் ஃபோனின் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடினேன். ஏழு ஆட்டத்தில் ஏழையும் ஜெயித்தேன்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் வரத்தானே வேண்டும். தினமும் பகல் மூன்று மணிக்கு அந்த மேசை. கோபப்படுவார் என்று பார்த்தால் மனுஷன் மயங்கிவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாத்தியார் புராணம். ரிடையர் ஆன ஹெட்மாஸ்டராக இருக்கவேண்டும், கணக்குப் பாடமாக இருக்கவேண்டும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அடுப்பில் பால் பொங்கினால் நான் ஆட்டத்தை அப்படியே விட்டு ஓடவேண்டியிருக்கும். "பாவம், அவருக்கும் மூத்திரத் தொல்லை இருக்கு" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவருக்கு விஷயம் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்தார், அது அவருக்குக் கைவந்த கலை.

மேசையில் பேசிக்கொள்ளவும் வசதி உண்டு. மைக்கை அழுத்திப் பேசினால் எழுத்தாகப் போகும் என்று காட்டிக்கொடுத்தேன். அதன் பிறகு சுவர் வழியாக அவர் குரலும் வரும், என் கையில் அவர் எழுத்தும் வரும். நான் தட்டச்சு செய்வேன். 'தங்கள் ஆட்டம் நன்று, ஆனால் அவசரம் கூடாது' என்று ஹெட்மாஸ்டர் தோரணையில் எழுதுவேன். பதினோரு வருஷமாக என்னோடு பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர் வாத்தியாரிடம் கொட்டித் தீர்த்தார். கிடங்கு, முட்டி வலி, மகனுக்கு முதுகெலும்பு இல்லாதது, மருமகள் வைக்கும் டீ.

ஒரு நாள் குரலைத் தாழ்த்தினார். சமையலறையில் இருக்கிறவளுக்குக் கேட்கக்கூடாது என்றுதான் தாழ்த்தினார். எழுத்து மட்டும் என் கைக்கு வந்தது.

"உங்களை மாதிரி ஒரு தலையை நான் இன்னொண்ணுதான் பாத்திருக்கேன் வாத்தியாரே. என் மருமக. டைமண்ட் ஏழைப் போடாதேன்னா. அவ நின்ன இடத்துலேருந்து யார் சீட்டும் தெரியாது. கணக்குப் போட்டுச் சொன்னா. இவளை உள்ள விட்டா என்னை ஒண்ணுமில்லாம ஆக்கிடுவான்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அதான் ஜன்னலோட நிறுத்தினேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். அழுகை வரவில்லை. நான் மக்கு என்று நினைத்து ஒதுக்கியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்திருக்கிறார், படுபாவி. எனக்கு வேண்டியது அப்போது ஒன்றே ஒன்றுதான். இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், மன்னிப்புகூட வேண்டாம்.

வாத்தியார் எழுதினார்: 'இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகுதான் நான் மறுபடி ஆட வருவேன்.'

இரண்டு நாள் மூன்று மணிக்கு மேசை காலியாக இருந்தது. அந்த இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "இந்தாம்மா" என்று கூப்பிட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார் என்றே நம்பினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கடைசியில், "தலைகாணியைக் கொஞ்சம் ஏத்தி வை" என்றார்.

ஏற்றி வைத்தேன். சமையலறைக்குத் திரும்பினால் ஃபோனில் எழுத்து வந்திருந்தது. "சொல்லிட்டேன் வாத்தியாரே."

'அந்தப் பெண் என்ன சொன்னார்?' என்று கேட்டேன்.

"கேவிக் கேவி அழுதா. கால்ல விழாத குறை. சரி, சீட்டைப் போடுங்க."

அந்த ஃபோனைக் கையில் பிடித்தபடியே அவர் அறைக்குள் போனேன். அவர் சொன்னதெல்லாம் தெரியும்படி திரையை அவர் மூக்குக்கு நேராகக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது எனக்கு. பொய் எதற்கு, அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

நாலு நாள் என்னிடம் பேசவில்லை, ஃபோனைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு, சுவரைப் பார்த்தபடியே, "மேசை எண்ணைப் போடு" என்றார். ஆட வேறு யார் இருக்கிறார்கள் அவருக்கு? அன்றிலிருந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு ஆடினேன். ஒன்றரை வருஷம். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, நான் ஒரு ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை தோற்றுத்தான் போயேன் என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். உங்கப்பாகிட்ட ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க என்றேன். அவர் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடைசி மாதம் வலது கையும் நடுங்க ஆரம்பித்தது. நான்தான் அவர் ஃபோனைப் பிடித்துக்கொள்வேன், அவர் சீட்டைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு. போவதற்கு எட்டு நாள் முன்பு, சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தவர் "ஹா" என்றார். என்னை அறியாமல் திரும்பிப் பார்த்துவிட்டேன். கிளாவர் ஆறு. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் அது உட்கார்ந்ததும் பதிமூன்றும் சேர்ந்துவிட்டது. மிச்சம் ஒரு ராஜா. அதை ஷோ கட்டத்துக்கு இழுத்துவிட்டால் போதும், அவர் ஜெயித்தாயிற்று.

விரல் ராஜாவின் மேல் போய் உட்கார்ந்தது, இழுக்க வரவில்லை. நழுவிற்று. மறுபடி வைத்தார். நழுவிற்று. பதினைந்து விநாடி இருந்தது. என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அந்தப் பார்வையில்தான்.

"வாத்தியார்கிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லுங்க மாமா. நான் இழுத்து விடறேன்."

வாய்க்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. காலையில்தான் டீயில் சர்க்கரை இல்லை என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தியிருந்தார். உதடு அசைந்தது. பத்து விநாடி. நான் காத்திருந்தேன், சொல்லிவிடு சொல்லிவிடு என்று உள்ளே நானே கெஞ்சினேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு விரலை மறுபடி ராஜாவின் மேல் வைத்தார். நழுவிற்று. மணியடித்தது.

நேரம் முடிந்தால் கடைசியாக எடுத்த சீட்டை ஃபோனே கீழே போட்டுவிடும். கிளாவர் ஆறு நடுவில் வந்து விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் இரண்டு ஆறு இருந்தது, மூன்றாவது வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டேன்.