குருநகர் வீட்டில் கற்ற பேச்சு

என் மகளுக்குக் காது கேட்காது என்று தெரிந்தபோது அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். காதுக் கருவியை அரசாங்கம் தரும், பேச்சுப் பயிற்சியும் உண்டு என்றார்கள். நம்பினேன். புத்தூரிலிருந்து பஸ் ஏறி கிளினிக்குக்குப் போவேன். பயிற்சி கொடுப்பவர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் இன்னும் வரவில்லை என்பார்கள். கருவி கொழும்பிலிருந்து வரவேண்டும் என்பார்கள். பிரதேச செயலகத்தில் கேட்டால், கிளினிக்கிலேயே கேட்கச் சொல்வார்கள். யாரும் என்னைக் கடிந்து பேசியதில்லை. ஆனால் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தாள். வேண்டியதைச் சொல்ல முடியாமல் தரையில் விழுந்து அழுவாள். எதற்கென்று விளங்காமல் நானும் பக்கத்தில் இருந்து அழுவேன்.

ஒருநாள் கிளினிக்கில் ஒரு பெண் குமர்ப்பிள்ளையான தன் மகளோடு கைகளால் கதைத்துக்கொண்டிருந்தார். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். தன் மகளுக்கும் காது கேட்காது, விடுதிப் பள்ளியில் சைகை படித்துவந்து தனக்கும் பழக்கினாள் என்றார். வீடு குருநகரில், கத்தோலிக்கக் குடும்பம், கணவர் கடலுக்குப் போகிறவர்.

"உவையள் பயிற்சிக்கு ஆளைப் போடுவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தால் பிள்ளை வளந்திடும், தங்கச்சி," என்றார். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு நாங்கள் வீட்டிலைதான் இருப்பம். கூட்டிக்கொண்டு வாங்கோ."

போனோம். சட்டிக்குள் ஊர்ந்த நண்டைக் காட்டி, அந்தப் பெண்பிள்ளை விரல்களை நண்டாக்கி என் மகளின் கைமேல் ஏறவிட்டாள். என் மகள் சிரித்துவிட்டு, தானும் விரல்களை மடக்கினாள். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் போனோம். தோட்டத்து வெங்காயத்தைக் கொண்டுபோனால், அந்த அம்மா வாங்குவதற்கே கூச்சப்படுவார்.

ஒருநாள் காலை மகள் அழாமல் என்னிடம் வந்தாள். வயிற்றைத் தொட்டு, நோகிறது என்று கையால் சொன்னாள். எங்கே நோகிறது என்று என் பிள்ளை எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, தோட்டத்தில் நின்ற கணவரைக் கூப்பிட்டேன்.

கருவி பிந்தித்தான் வந்தது. அதைப் போட்டால் அவளுக்குப் பஸ் ஹோன் சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்குவதில்லை. பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு இன்றும் ஆள் இல்லை. அந்தக் கோபம் எனக்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருக்கிறது.

போன மாதம் அந்தப் பெண்பிள்ளைக்குக் கல்யாணம். தனக்குப் பக்கத்தில் என் மகள்தான் நிற்கவேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அக்கா வடிவாக இருக்கிறாள் என்று கோயில் முழுக்கப் பார்க்க என் மகள் கையால் சொன்னாள். பூசையின் நடுவில் எல்லோரும் முழந்தாளிட்டார்கள். எனக்கு அவர்களுடைய செபம் தெரியாது. நானும் முழந்தாளிட்டேன்.