சிவப்பைத் தொட்ட மார்க்கர்

தல்லாகுளம் பக்கத்தில் வக்கீல்கள் கூடும் ஒரு கிளப்பின் பில்லியர்ட்ஸ் மேஜைக்கு மார்க்கராக இருந்தவர் மொக்கையன். பந்தைத் துடைப்பது, மேஜைத் துணியைத் தேய்ப்பது, எண்ணிக்கை சொல்வது, எதிராட ஆள் கிடைக்காத வக்கீலுக்கு ஈடுகொடுத்து ஆடிக் கடைசியில் தோற்றுப்போவது எல்லாம் அவர் வேலை. அதில் தோற்பதுதான் கஷ்டம். பதினெட்டு வருஷம் அந்த மேஜையைச் சுற்றி வந்ததில் அதன் ஒவ்வொரு அங்குலமும் அவருக்கு அத்துப்படி. “உருண்டையைத் தொடைக்கவா சம்பளம் குடுக்குறாக?” என்று மனைவி சீனியம்மாள் இன்னும் கேட்பாள்.

1934 ஐப்பசியில் அந்தச் சம்பளத்துக்கு ஆபத்து வந்தது. ஆட்டத்துக்கு மூன்று பந்துகள்: இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. பழைய தந்தச் சிவப்பு விரிசல் விட்டதால் கிளப் காரியதரிசி புதுச் சிவப்பு ஒன்றை வரவழைத்தார். நிறமும் பருமனும் அச்சு அசல் பழையதுதான். ஆனால் அது வந்த நாளிலிருந்து ஆட்டம் கெட்டது. சிவப்பை மோதிவிட்டு நிற்கவேண்டிய வெள்ளை, நிற்காமல் அதன் பின்னாலேயே போயிற்று. வக்கீல்கள் தோற்றால் குற்றம் என்றைக்கு அவர்கள் கையில் இருந்திருக்கிறது? மேஜை சாய்ந்துவிட்டது என்றார்கள். மட்டம் பார்ப்பது மார்க்கரின் பொறுப்பு.

“சனிக்கிழமைப் பந்தயம் முடியட்டும். வேற ஆளைப் போட்டுக்கிறேன்” என்றார் காரியதரிசி.

மொக்கையனுக்கு வேலை போவது ஒருபுறம். தன் மேஜையைக் கோணல் என்று சொன்னதுதான் அதைவிடச் சுட்டது.

“மேசை நேராத்தானுங்க இருக்கு. பந்துதான்…”

“அளவு வளையத்துல விட்டுப் பருமன் பார்த்து வாங்கினவன் நான்!” என்றார் காரியதரிசி.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிவசங்கரன் தலையைத் தூக்கினார். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். “அடிச்சுக் காட்டு மொக்கையா, பார்ப்போம்.”

மொக்கையன் இரண்டு வெள்ளைகளையும் ஒரு சாண் இடைவெளியில் வைத்து, ஒன்றின் நடுவுக்குச் சற்றுக் கீழே குச்சியால் குத்தினார். போன பந்து மோதிய இடத்திலேயே நின்றது. அதுவரை நின்றிருந்த மற்றது ஓடியது. அப்புறம் எதிரே சிவப்பை வைத்து அதே குத்து. வெள்ளை நிற்காமல் பின்னாலேயே போயிற்று. வடக்கே பார்த்து அடித்தாலும் அப்படித்தான், தெற்கே பார்த்து அடித்தாலும் அப்படித்தான்.

“மேசை சாஞ்சிருந்தா ரெண்டு பக்கமுமாங்க சாயும்? சிவப்பு எடை கம்மி, சாமி.”

சிவசங்கரன் எழுந்தே விட்டார். “சம எடை, நேர் மோதல். வந்தது நிக்கும், நின்னது அதே வேகத்துல போகும். பதினோரு வருஷமா போர்டுல எழுதறேன், இன்னிக்குத்தான் கண்ணால பார்க்கறேன்! நீ சொல்றது சரின்னா, சிவப்பால வெள்ளையை அடிச்சா சிவப்பு திரும்பி வரணும்.”

மொக்கையனின் கை நின்றது. ஆட்ட விதிப்படி குச்சி வெள்ளையைத்தான் தொடலாம். ஆளில்லாத பகலில்கூட அவர் சிவப்பைக் குத்தியதில்லை.

“அது ஆகாதுங்க சாமி.”

“இது ஆட்டமில்லையே, சோதனைதானே?”

காரியதரிசி மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மொக்கையன் குனிந்து, அதே குத்தைச் சிவப்புக்குக் கொடுத்தார். அது வெள்ளையில் மோதியது. மெல்லப் பின்வாங்கி, அவரைப் பார்த்து வந்தது.

“வருதுங்க சாமி!” என்று குழந்தைபோலக் கத்திவிட்டார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

நீதிமன்றத்தில் வாய் ஓயாத காரியதரிசி சிவப்பை எடுத்துப் பெட்டியில் போட்டார். “வேற சிவப்பு வரவழைக்கிறேன். நீ இருந்துக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கழித்துப்போட்ட சிவப்பையும் கூடவே ஒரு பழைய வெள்ளையையும் சிவசங்கரன் கல்லூரிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பின் வருஷாவருஷம், மீட்சி மோதல் பாடம் வரும் அன்று, மொக்கையன் குச்சியோடு வகுப்புக்குப் போவார். “அடிங்கோ, மொக்கையன்” என்பார் சிவசங்கரன். சிவப்பு திரும்பி வரும். அறுபது பேர் கைதட்டுவார்கள்.

“உருண்டை உருட்டப் போறதுக்கா இந்தச் சலவைச் சட்டை?” என்பாள் சீனியம்மாள்.

“ஆமா புள்ள. அங்க நான் யாருகிட்டயும் தோக்க வேணாம்ல.”